கதவு பிழைத்துக்கொள்ளும்

பிப்ரவரி 8, சனி

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டை அடுத்த மாதம் இடித்துப் பிரிக்கப் போகிறார்களாம். பங்காளிகளில் ஒருவர் பினாங்கில் இருக்கிறார். அதற்குள் வீட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று போனில் கேட்டேன். "தாராளமா எடுங்க, எங்க பேரு மட்டும் போட வேணாம்" என்றார்.

காவல்காரர் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தார். தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரிகிறது. முகப்பு, நடுவில் திறந்த வாசலும் சுற்றி அறைகளுமாக இருக்கும் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய் அடுத்த தெருவில்தான் வீடு முடிகிறது. முகப்பில் இருட்டு, வளவு வாசலில் வெயில் கொட்டுகிறது. ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. ட்ரைபாடை அசைக்காமல் வெளிச்ச அளவை மாற்றி மாற்றி எடுத்தேன். கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

செட்டிநாட்டு வீடு என்று இணையத்தில் தேடினால் ஒரே மாதிரிப் படங்கள்தான்: செதுக்கிய நிலைக்கதவு, ஆத்தங்குடித் தரைக்கல், பர்மா தேக்குத் தூண், தூணில் சாய்ந்தபடி ஒரு மணப்பெண். கதவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து ஏதாவது ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் நிற்கும். ஓட்டுச் சரிவையும் சமையல்கட்டையும் யார் வாங்கப் போகிறார்கள்?

அதனால் இன்று முழுக்க வளவின் மூலைகளைத்தான் எடுத்தேன். நாலு பக்கச் சரிவிலிருந்தும் மழை வாசலில் இறங்கும். மூலையில் அண்டா வைத்துப் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் வெளியே ஓடும். வறண்ட சீமையில் வீடு கட்டியவர்கள் தண்ணீரைத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். கூரையிலிருந்து தெருவரை அந்த வழி முழுவதும் தொடர்ச்சியாகப் படத்தில் வர வேண்டும். இடையில் ஒரு துண்டு விட்டுப்போனாலும் பின்னால் பார்ப்பவருக்குப் புரியாது.

பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, போயும் போயும் அடுப்படியையா படம் பிடிக்கிறே? முகப்பைப் பிடி, எம்புட்டு அழகா இருக்கு!" அப்புறம் அவரே உள்ளே வந்து, கல்யாணத்துக்கு எந்த அடுப்பில் எது வேகும் என்று கைகாட்டிச் சொன்னார். ஒலிப்பதிவு செய்துகொண்டேன்.

பிப்ரவரி 15, சனி

மேகமூட்டம். வெளிச்சுவர்களுக்கு நல்ல நாள், நிழல் விழாது. தெருப்பக்கம் மட்டும் முடித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சுவர்ப் பூச்சு இன்னும் வழவழப்பாக, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது. சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய வேலை. பெயர்ந்து விழுந்த ஒரு இடத்தில் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்தில் அளவுகோலை வைத்து, டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்து எடுத்தேன். நேர் வெளிச்சத்தில் அந்த அடுக்குகள் மறைந்துவிடும்.

விற்பவர்களைத் திட்டுவது சுலபம். பர்மா, மலேயா, இலங்கைக் கொண்டுவிற்றலில், அதாவது அங்கே போய் நடத்திய வட்டித்தொழிலில், வந்த பணத்தில் எழும்பிய வீடுகள் இவை. 1930களின் மந்தத்தில் தொழில் ஆட்டம் கண்டது, 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் ரங்கூன் கணக்கெல்லாம் போச்சு. வீடு மட்டும் பொதுவில் நின்றது. மூன்று தலைமுறை தாண்டினால் எத்தனை பங்காளிகள்! குரங்கு ஓடு ஒன்றை உடைக்கும், மழை இறங்கும், கூரையைத் தாங்கும் கைமரம் உளுக்கும். ஓடு மாற்ற யார் பணம் கொடுப்பது என்பதில் வருஷங்கள் போய்விடும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இலிருந்து செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. சந்தோஷம்தான், ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றாது.

மார்ச் 2, ஞாயிறு

பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்று போகாமல் இருக்க நினைத்தேன். போனதே நல்லதாயிற்று. ஓடு இறங்கிய பிறகுதான் கைமரம் உத்தரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, தூணின் தலையில் போதிகை எப்படிப் பொருந்துகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. நிற்கிற வீட்டில் இதை எடுக்கவே முடியாது. பழைய வீடுகளைப் படமெடுப்பவர்கள் இடிப்பு நாளைத் தவிர்க்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

மேஸ்திரி ஒவ்வொரு மரத்திலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டிருந்தார். அந்த எண்களோடு சேர்த்தே எடுக்கச் சொன்னார். "இப்பவே எடுத்துக்கங்க சார், சாயங்காலம் லாரி வந்துரும்."

மார்ச் 8, சனி

ஊர், தெரு, கட்டு, திசை, தேதி என்ற வரிசையில் கோப்புகளுக்குப் பெயர் வைத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டேன். ஒரு பிரதி பினாங்குக்கு. அவரிடமிருந்து வந்த முதல் கேள்வி: "வளவுல இடது கை மூணாவது அறை இருக்கா? அது எங்க அப்பா பங்கு."

இருந்தது. அனுப்பினேன். கொத்தமங்கலத்தில் அவர் மாமா வீட்டுச் சாவிக்குச் சொல்லி வைப்பதாகப் பதில் போட்டிருக்கிறார். அங்கே இன்னும் ஓடு இறங்கவில்லை. சித்திரை வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும்.