கண்மாய்த் தண்ணியும் கார் சாவியும்

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. மதியம் 3 மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி பக்கம் ஆபீஸில் இருந்தேன். திடீரென்று பிடித்த மழையில் எதிரே நின்ற பஸ் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் பெய்ததாக மறுநாள் கணக்கு சொன்னார்கள். நான்கரை மணிக்கு வீட்டம்மா போன்: "தெருவுல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, நம்ம கார் டயரு பாதி முங்கிருச்சு, நீங்க கிளம்பி வாங்க."

எங்கள் வீடு செல்லூரில், கட்டபொம்மன் நகருக்குப் பக்கத்துத் தெரு. கோரிப்பாளையத்தில் பைக்கை ஒரு தெரிந்த கடை வாசலில் ஏற்றிவிட்டு நடந்தே வந்தேன். தெருமுனையில் தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. செல்லூர் கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். வாய்க்கால் தாங்கவில்லை என்றால் தண்ணீருக்குத் தெருவைத் தவிர வேறு வழி கிடையாது. எங்கள் தெரு தெற்கே போகப் போகத் தாழ்வாக இருக்கும். என் கார் மேட்டுப் பக்கம் நின்றது, மூன்று வீடு தள்ளி இருக்கிற தெருக்காரர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய கார் பள்ளத்தில் நின்றது. இந்த மூன்று வீட்டு இடைவெளி பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாக ஆகப்போகிறது என்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. கார் கதவைத் திறந்தேன், உள்ளே இருந்து சாக்கடையும் டீசலும் கலந்த வாடையோடு தண்ணீர் கொட்டியது. சீட்டின் அடிப்பாகம் வரை ஒரு பழுப்புக் கோடு. மகளுடைய பள்ளிக்கூட ஐடி கார்டு, ஒரு குடை, ஆர்சி புத்தகம் வைத்திருந்த கவர், எல்லாம் தரையில் மிதந்துகொண்டு இருந்தன. எனக்கு ஒரே எண்ணம்தான், வண்டி ஓடுமா என்று பார்த்துவிட வேண்டும். சாவியை நுழைத்துவிட்டேன், திருப்பவில்லை. அதற்குள் போன் அடித்தது. ஐந்து வருஷமாக என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாய்.

"தம்பி, உங்க ஏரியா முழுக்கத் தண்ணின்னு டிவியில காட்றாங்க. வண்டி நனைஞ்சிருச்சா? சாவியத் தொட்டுறாதீங்க. ஆன் கூடப் போடக் கூடாது. பானட்டத் திறந்து பேட்டரி நெகட்டிவ் வயர மட்டும் கழட்டி விடுங்க. மத்ததெல்லாம் நான் சொல்றபடி."

அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் செலவு வந்திருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

என்ஜின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை அழுத்துகிறது. காற்று அமுங்கும். தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போயிருந்தால் கூட, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றியவுடன் பிஸ்டன் போய் அந்தத் தண்ணீரில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளைந்துவிடும், சில சமயம் உடைந்து என்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். திருப்பாமல் விட்டால் அதே தண்ணீரை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளியே எடுத்து, ஆயிலை மாற்றிச் சுத்தம் செய்து காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே கதிதான், அங்கே ஸ்டார்ட்டருக்குப் பதில் சக்கரம் சுற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சாவியை ஆன் போடுவது வேறு ஆபத்து: ஈரமாக இருக்கிற ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏர்பேக் யூனிட், வயரிங் எல்லாவற்றிலும் கரண்ட் பாய்ந்து ஷார்ட் ஆகும்.

பள்ளத்து வீட்டு அண்ணன் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். 30 வருஷத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடித்த கை. அவருக்கு நான் போய்ச் சொல்வதற்குள், வெள்ளிக்கிழமை ராத்திரியே, தண்ணீர் பானட் வரை நிற்கும்போதே, வண்டியை மேட்டுக்கு எடுத்துவிடலாம் என்று நாலு தடவை செல்ஃப் அடித்திருக்கிறார். "ஒரு தடவை டொக்குன்னு சத்தம் கேட்டுச்சுய்யா, அப்புறம் சுத்தவே இல்லை" என்றார். அவர் செய்ததில் தப்பே சொல்ல முடியாது. கண்ணெதிரே சொந்த வண்டி முங்கும்போது யாருக்கும் முதலில் சாவியைத்தான் எடுக்கத் தோன்றும்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருகிறேன். முதலில் பாலிசியை எடுத்து அது எந்த வகை என்று பாருங்கள். தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கு) மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதம்) பகுதியும் சேர்ந்த பாலிசியில் வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை எல்லாம் அடங்கும். எங்கள் இரண்டு பேரிடமும் அது இருந்தது. தண்ணீர் புகுந்து என்ஜின் கெட்டால் பணம் தருகிற என்ஜின் புரொடெக்ட் என்கிற கூடுதல் கவர் இரண்டு பேரிடமும் இல்லை. எனக்கு வருஷா வருஷம் கொட்டேஷனில் அது 900 ரூபாய்க்குள் ஒரு வரியாக வரும், நான் டிக் எடுத்துவிடுவேன். மதுரையில் என்ன வெள்ளம் வரப்போகிறது என்ற எண்ணம்தான்.

சனிக்கிழமையே கம்பெனி டோல் ஃப்ரீ நம்பரில் சொல்லி கிளெய்ம் நம்பர் வாங்கினேன். அதற்கு முன்னால் தண்ணீர்க் கோடு தெரிகிற மாதிரி போட்டோ, நாலு பக்கமும் வீடியோ, உள்ளே சீட், டேஷ்போர்டு, நம்பர் பிளேட்டோடு தெருவின் தண்ணீர், எல்லாம் எடுத்து வைத்தேன். பாய் சொல்லித்தான் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து அதையும் எடுத்தேன். ஃபில்டர் காய்ந்து இருந்தது. என் கேஸில் இந்தப் போட்டோதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஃபில்டர் காய்ந்திருக்கிறது என்றால் அந்த வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை.

சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் உடனே வரவில்லை. செல்லூர், நரிமேடு, பீபிகுளம் என்று எல்லாப் பக்கமும் வண்டிகள், நடுவில் தீபாவளி லீவு வேறு. ஒர்க் ஷாப்புக்கு ரெக்கவரி வேனில் ஏற்றிப் போனால் அங்கே ஏற்கெனவே வரிசை. கட்டி இழுத்துப் போகலாம் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்று, வண்டியை மேலே ஏற்றிப் போகிற பிளாட்பெட் வரும்வரை காத்திருந்தேன். ஈரக் கார்பெட்டை அப்படியே விட்டால் மூன்றாவது நாளே பூஞ்சை பிடிக்கும். ஆனால் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையாவது கழற்றினால் பின்னால் கேள்வி வரும். அதனால் "கார்பெட்டையும் சீட்டையும் காயவைக்கக் கழற்றுகிறோம், போட்டோ இணைத்திருக்கிறேன்" என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, சரி என்று பதில் வந்த பிறகுதான் தொட்டோம். போனில் பேசுவது எதுவும் பின்னால் நிற்காது. எழுத்தில் இருப்பது மட்டும்தான் நிற்கும். வீட்டம்மா சீட் கவர்களை மொட்டை மாடியில் நாலு நாள் மாற்றி மாற்றிக் காயப்போட்டாள், அந்த வாடை மாத்திரம் தை மாசம் வரை போகவே இல்லை.

சர்வேயர் வந்தது தீபாவளி முடிந்து. நல்ல மனிதர், அவசரப்படாமல் பார்த்தார், டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார், ஏர் ஃபில்டர் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். என் எஸ்டிமேட் 1,12,000 ரூபாய்: வயரிங், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பேட்டரி, சீட் பெல்ட், சென்சார்கள், கார்பெட், லேபர். கம்பெனி கொடுத்தது 71,400. மிச்சம் 40,600 என் கையிலிருந்து. எங்கே போனது என்று கேட்டால், வண்டி 2019 டிசம்பர் மாடல், ஜீரோ டெப் (வண்டி வயசுக்காகப் பாகங்களின் விலையில் கழிக்காத கூடுதல் கவர்) எடுக்கவில்லை. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி இவற்றுக்கு வண்டி வயசு என்னவானாலும் பாதியைக் கழித்துவிடுவார்கள். நாலிலிருந்து ஐந்து வயசு வண்டிக்கு இரும்புப் பாகங்களில் 35% கழிப்பார்கள். ஆயில், கூலன்ட், நட்டு போல்ட் மாதிரி சாமான்கள் சேராது. 1500 சிசிக்குக் கீழே இருந்தால் கட்டாயமாக 1,000 ரூபாய் நம்முடையது. அது போக அதுவரை சேர்ந்திருந்த 45% நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி) அடுத்த புதுப்பித்தலில் போய்விட்டது. அதனால் சின்னச் சேதத்துக்கு கிளெய்ம் போடுவதற்கு முன் ஒரு பேப்பரில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அவர் என்ஜினைப் பிரித்தபோது இரண்டு கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. என்ஜின் வேலைக்கு மட்டும் 1,40,000 எஸ்டிமேட். கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில், உள் சுத்தத்துக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் தருகிறோம், என்ஜின் சேதம் 'கான்செக்குவென்ஷியல் லாஸ்', அது பாலிசியில் வராது என்று இருந்தது. அண்ணன் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டு வந்து நீட்டி, "இந்த வார்த்தைக்கு என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டார். வெள்ளம் நேரடியாகச் செய்த சேதம் ஒன்று, வெள்ளத்துக்குப் பிறகு நாம் செய்த காரியத்தால் வந்த சேதம் இன்னொன்று, இரண்டாவதைத் தர மாட்டோம் என்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "தண்ணியா நான் கூப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அந்தக் கடிதம் இன்னமும் ஆறவில்லை. பிரீமியம் கட்டும்போது யாரும் அவரை உட்காரவைத்து, வெள்ளத்தில் சாவியைத் திருப்பினால் என்ஜினுக்குப் பணம் வராது என்று ஒரு வாக்கியம் சொல்லவில்லை. பாலிசி அவர் மெயிலுக்கு இங்கிலீஷில் பக்கம் பக்கமாக வந்தது, அவர் மெயிலே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் ரினியூவல் எஸ்எம்எஸ் மட்டும் பத்துத் தடவை வருகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் "வண்டி முங்கினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று தமிழில் ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் என்ன?

நாங்கள் விடவில்லை. முதலில் கம்பெனியின் குறை தீர்க்கும் பிரிவுக்கு நானும் அவரும் உட்கார்ந்து எழுதினோம்: வண்டி ஓடிக்கொண்டு தண்ணீருக்குள் போகவில்லை, வீட்டு வாசலில் நின்ற வண்டி, தண்ணீர் தானாக என்ஜினுக்குள் ஏறியது, அந்தத் தண்ணீர் வெள்ளத் தண்ணீர். பழைய பதிலையே திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (கம்பெனிகள் மேல் வரும் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) போட்டோம். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை: கம்பெனி மறுத்தாலோ, 30 நாள் பதில் சொல்லாமல் இருந்தாலோ, அங்கே போகலாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. விசாரணையில் அண்ணன் நாலு தடவை செல்ஃப் அடித்ததை ஒளிக்கவில்லை, நான் கூட மறைக்கச் சொல்லவில்லை. என்ஜின் செலவில் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 48,000 ரூபாய். அவர் கேட்டதில் பாதி கூட இல்லை. வாங்கிக்கொண்டார், மீதிக்கு வீட்டில் இருந்த ஒரு வளையல் போனது.

இந்த வருஷம் இரண்டு பேரும் என்ஜின் புரொடெக்ட் எடுத்துவிட்டோம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு, தண்ணீரில் நின்ற வண்டியைத் தெரிந்தே ஸ்டார்ட் செய்தால் அதிலும் சிக்கல் வரலாம், ஏஜென்டிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினோம். பாய் ஒர்க் ஷாப்பில் இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் பாலிசியை எடுக்கச் சொல்லி அந்த ஒரு வரி இருக்கிறதா என்று அவரே பார்க்கிறார்.

நேற்று மதியம் வடக்கே அழகர் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று மணி இருக்கும், அண்ணன் வந்து கேட்டைத் தட்டினார். கையில் சாவி இருந்தது. "தம்பி, இன்னும் தூறல் கூட விழல, ரெண்டு வண்டியையும் மேட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவமா?" என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.