நாலு சுற்றுக்குக் கால் சுற்று குறைவு

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முதல் தடவை நான் கோட்டை விட்டது 1500 மீட்டர் ஓட்டத்தில். 400 மீட்டர் தடத்தில் அது நாலு சுற்றுக்குக் கால் சுற்று குறைவு. ஆண்களுக்கு ஏழு நிமிடம். விசில் ஊதியதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்து முதல் சுற்றை ஒரு நிமிடம் இருபது வினாடியில் முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது சுற்றில் விலாவில் கொளுவிப் பிடித்தது. நடந்தேன். கோட்டைத் தொட்டபோது ஏழு நிமிடம் தாண்டிப் பதினொரு வினாடி. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்து என்ன, அத்தோடு வெளியே.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். தோற்றுவிட்ட கோபத்தில் நானும் அவரோடு எழுந்து, ஒரு நாள்கூட விடாமல் தார் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்து ரோட்டில் சமதளம் என்று பேருக்குக்கூடக் கிடையாது. ஏற்றம் இல்லையென்றால் இறக்கம். போதாக்குறைக்கு அடி தேய்ந்த ஷூ. ஐந்தாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பு ஓரமாக வலி வந்தது. விரலால் அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வரும். அப்போதும் ஓட்டத்தை விடவில்லை. வலியைத் தாங்குவதுதான் பயிற்சி என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்த அப்பா, சிரட்டையைக் கவிழ்த்து வைத்தபடியே கேட்டார்: “மக்களே, பாலு வெட்டுத மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு குடுக்கோம். ஒனக்கக் காலு என்ன இரும்பாக்குமா?”

பேராசைப்பட்டுத் தினமும் வெட்டினால் ரப்பர் மரத்தின் பட்டை மரத்துப் பால் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து கேட்ட விஷயம்தான். என் காலுக்கும் அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை. மூன்று வாரம் ஓடாமல் இருந்தேன். அந்த மூன்று வாரமும் வீட்டில் யாராலும் என்னிடம் பேச முடியவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அதற்கப்புறம்தான் பட்டாளத்து அண்ணாச்சியிடம் போனேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களைக் காசு வாங்காமல் ஓட வைப்பார். என்னை ஓடச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நீ ஓடலடே, ஓடிப்போற” என்றார். 420 வினாடியை மூன்றே முக்கால் சுற்றுக்குப் பங்கு போட்டால் ஒரு சுற்றுக்கு 112 வினாடி வரும். நூறு வினாடியில் ஒரு சுற்று, அதற்கு ஒரு வினாடி முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. 95 வினாடியில் முடித்துச் சிரித்துக்கொண்டு வந்தால் திட்டு விழும். வாரத்தில் மூன்று நாள்தான் ஓட்டம். ஒரு நாள் இந்த நூறு வினாடி அளவு ஓட்டம், ஒரு நாள் நீண்ட மெல்லோட்டம், ஒரு நாள் 200 மீட்டர் வேக ஓட்டம் எட்டு முறை. மழைக்காலம் கெடுத்தது. எங்கள் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மைதானம் சேறானால் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து எழும்புவோம்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பவுடர் எதுவும் இல்லை. காலையில் கஞ்சியும் சிறுபயறும், மத்தியானம் சோறு, சாளை மீன் மலிவாகக் கிடைத்த நாளெல்லாம் மீன், ஓடிவிட்டு வந்தால் இரண்டு மட்டி வாழைப்பழம்.

என் தூக்கத்தைக் கெடுத்தது மார்பளவு. சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். அம்மாவின் தையல் டேப்பில் அளந்தால் 80தான் காட்டும். தண்டாலும் மூச்சுப் பயிற்சியுமாக இரண்டு மாதம் கிடந்தேன், டேப் அசையவில்லை. அண்ணாச்சி அந்த டேப்பை வாங்கி ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். பத்து வருடம் இழுபட்டதில் அது ஒரு செ.மீ.க்கு மேலே நீண்டுபோயிருந்தது. புது டேப்பில் 81 தாண்டியது. அழுவதா சிரிப்பதா? ஆனால் விரிவு நாலுக்கு மேல் போகாதது நிஜம். தோளைத் தூக்காமல் விலாவைப் பக்கவாட்டில் விரித்து மூச்சு இழுக்கப் பழகிய பிறகுதான் ஐந்தரை வந்தது.

உடல்திறன் போட்டியில் வருகிற கயிறு ஏறுதலுக்கு அயினி மரக் கொப்பில் வடம் கட்டினோம். ஐந்து மீட்டரில் ஒரு சிவப்புத் துணி, ஆறு மீட்டரில் ஒன்று. போட்டியில் மதிப்பெண்ணுக்கு ஸ்டார் கணக்கு: ஐந்துக்கு ஒரு ஸ்டார், ஆறுக்கு இரண்டு. மரம் ஏறித் திரிந்த பையன் என்ற திமிர் முதல் நாளே போனது. மரம் அசையாது, கயிறு ஆடும். கையால் மட்டும் இழுத்துப் பாதி வழியில் தொங்கினேன். பாதங்களுக்கு நடுவே கயிற்றை இறுக்கி, முழங்காலை நீட்டும்போதே கையை மாற்ற வேண்டும். உள்ளங்கையில் விரல் தொடங்குகிற இடத்தில் நாலு கொப்புளம் உடைந்து, சோறு பிசைய முடியாமல் ஒரு வாரம் கரண்டியில் சாப்பிட்டேன்.

இரண்டாவது தடவை நாகர்கோவில் அண்ணா விளையாட்டு அரங்கம். உயரம் போதாமல் போகுமோ என்று பயந்து, நேராக நிற்பதைக்கூட வீட்டுச் சுவரில் பழகியிருந்தேன். எங்கள் பிரிவுக்கு 170 செ.மீ.; எனக்கு 170.6. சாயங்காலம் அளந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நாள் முழுக்க நின்றால் முதுகுத்தண்டு கொஞ்சம் அமுங்குமே. நல்லவேளை, காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். மார்பை அளந்தபோது காவலர், “மூச்சை விட்டுராத” என்றார். 86.5.

ஓட்டத்தில் விசில் ஊதியதும் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். முதல் சுற்றில் கடைசிக்கு முந்தின ஆள் நான். அவ்வளவு கூச்சமாக இருந்தது. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஓடினேன். மூன்றாவது சுற்றில், போன தடவை நான் நடந்த அதே வளைவில், ஒருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தான். “நிக்காத, மெதுவா ஓடு” என்று சொல்லிக்கொண்டே தாண்டினேன். அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை. எனக்கு ஆறு நிமிடம் பதினெட்டு வினாடி.

உடல்திறன் போட்டி வேறொரு நாள். கயிற்றில் இரண்டு ஸ்டார். நீளம் தாண்டுதலில் முதல் தாவலில் கோட்டை மிதித்து ஃபவுல், இரண்டாவதில் 4.12 மீட்டர், ஒரு ஸ்டாருக்கு 3.80 போதும், இரண்டாவதுக்கு 4.50 வேண்டும், மூன்றாவது தாவலிலும் எட்டவில்லை. 100 மீட்டரில் 14.2 வினாடி, அதிலும் ஒன்று. மொத்தம் நாலு ஸ்டார்.

வடசேரி பஸ் நிலையத்திலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “செரி, நாளைக்கு ஓடப் போவாத. வெட்டு உள்ள நாளு, பாலு எடுக்க ஆளில்ல” என்றார்.