பாய்மரப் படகுக் கேபினில் சாமான் வைக்க இடம் செய்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவாரில் இருந்துகொண்டு பாய்மரப் படகைப் பற்றிப் பேசினால் ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஊரைச் சுற்றிச் செம்பனை. கடல் வேண்டுமென்றால் சித்தியவானைத் தாண்டி லுமூட் வரை போக வேண்டும். படகு கிடப்பது அங்கே; மரவேலை நடந்தது இங்கே, வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில். அட்டையையும் பலகையையும் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே மோட்டோவில் அலைந்ததில்தான் பாதி நேரம் போனது.

படகு வெஸ்டர்லி சென்டார். லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைத்து, பிரிட்டனில் 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட ஃபைபர் கிளாஸ் படகு. 26 அடி நீளம், சுமார் எட்டரை அடி அகலம், எடை மூன்று டன். அடியில் இரண்டு கீல் (தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கனமான தகடு) இருப்பதால் தண்ணீர் வற்றினால் சேற்றில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கத்து ஆற்று வாய்க்கு இது பெரிய வசதி. மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று ராத் தங்கப் போனால்தான் சிக்கல். அரிசி, கேஸ் அடுப்பு, தண்ணீர், துணி, கயிறு, மாற்றுப் பாய், டூல் பெட்டி எல்லாம் படுக்கை மேலேயே கிடக்கும். படுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தரைக்கு மாற்ற வேண்டும். தரை என்பதே இரண்டடி அகலம்.

அளந்து பார்த்தால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. படுக்கைகளுக்குக் கீழே, சாய்மானப் பலகைக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் என்று எங்கே தட்டினாலும் உள்ளே காலி. ஆனால் எதுவும் கைக்கு எட்டாது. அதனால் விதி ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டேன். எந்தச் சாமானையும் ஒரு கையால் எடுக்க முடிய வேண்டும். படகு காற்றில் இருபது டிகிரி சாய்ந்து ஓடும்போது இன்னொரு கை எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மெத்தையைத் தூக்கு, பலகையைக் கழற்று, முட்டியால் தாங்கிக்கொள், குனிந்து துழாவு என்றால் அந்த இடம் இருந்தும் இல்லாத கணக்குத்தான். புது அலமாரி அடிக்கும் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, மூடிக் கிடந்த இடங்களுக்கு வழி திறப்பதில் இறங்கினேன்.

முதலில் படுக்கைப் பெட்டிகள். மேல்மூடி மட்டுமே இருந்தது. யாராவது படுத்திருந்தால் திறக்கவே முடியாது. பெட்டியின் முன்பலகையில் வாய் வெட்ட முடிவு செய்தேன். இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. முன்பலகை வெறும் மறைப்பு இல்லை. படுத்திருப்பவரின் பாரம் அதன் மேல் இறங்குகிறது, படகின் விறைப்பிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அதனால் மேலேயும் பக்கங்களிலும் 75 மில்லிமீட்டர் பலகையை விட்டுத்தான் வெட்டினேன். கீழே 100 மில்லிமீட்டர் விட்டேன். அந்த உதடு இல்லாவிட்டால் படகு மறுபக்கம் சாய்ந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் தரைக்கு உருண்டு வரும். நான்கு மூலைகளையும் முதலில் வட்ட ஹோல் சாவால் துளைத்து, துளைக்குத் துளை ஜிக்சாவால் அறுத்தேன். கூர் மூலை வைத்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். குறுக்குச் சுவர்கள் பக்கம் ரம்பத்தைக் கொண்டுபோகவே இல்லை.

வெட்டிய துண்டுகளைக் கதவாகப் போடலாமே என்று மனைவி கேட்டாள். போடவில்லை. கதவுக் கீலும் கொண்டியும் உப்புக் காற்றில் படும் பாடு ஒரு பக்கம். அதைவிட, மூடிய பெட்டியில் காற்று நின்றால் இந்த ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். வாயின் குறுக்கே இரண்டு எலாஸ்டிக் கயிறு, அவ்வளவுதான். கயிற்றை விலக்கி ஒரு கையை விட்டால் டப்பா வந்துவிடுகிறது. அடியில் சாமான் படகின் சுவரில் நேராகப் படாமல் இருக்க மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துவைத்தேன். ஒரு சொட்டு தண்ணீர் வந்தாலும் அது சட்டத்துக்குக் கீழே ஓடிப்போகும்.

அப்புறம் சாய்மானத்துக்குப் பின்னால் உள்ள குடைவு. வேலை என்று சொன்னால் இதுதான். உட்காரும்போது முதுகு படும் பலகைக்கும் படகுச் சுவருக்கும் நடுவே மேலே முக்கால் அடி அகலம், கீழே போகப் போகக் குறுகுகிறது. அதற்குள் ஒரு தட்டு வைக்க வேண்டும். சுவரோ நீளவாக்கில் வளைவு, உயரவாக்கில் வேறொரு வளைவு.

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்துக் கதவு, லோரிக்குப் பக்கப் பலகை எல்லாம் அவர் கைபட்டவை. கேபினுக்குள் இறங்கி ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி ஓரிடத்தில் நிற்கவில்லை; பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகு போனதும் இன்னும் ஓடியது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். அதற்கும் மூலை கிடைக்கவில்லை.

"என்னடா தம்பி இது, நேரா ஒரு சுவரு இல்ல. எதைப் பிடிச்சு அளக்கிறது?"

"மட்டத்தை மறந்துருங்க பெரியப்பா. படுக்கைப் பலகையைத் தரையா வச்சுக்கிட்டு அதுலேருந்து அளப்போம்."

படகு கட்டுபவர்கள் இதற்கு ஒரு பழைய வித்தை வைத்திருக்கிறார்கள். ஒரு முழ நீளக் குச்சி, நுனி கூர், ஒரு பக்கம் மட்டும் கோணல்மாணலாகப் பல் வெட்டியது. தட்டு வரவேண்டிய உயரத்தில், குடைவின் நடுவில், ஏதாவது ஒரு பலகைத் துண்டை அசையாமல் நிறுத்த வேண்டும். குச்சியின் நுனியைச் சுவரில் ஓரிடத்தில் தொட்டு வைத்து, மறுமுனை பலகை மேல் படுத்திருக்க, அதன் பல்லைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட வேண்டும். நுனியை நாலு விரல்கடை நகர்த்தி மறுபடி கோடு. இப்படியே சுவர் முழுக்க. பிறகு அந்தப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து பிளைவுட் மேல் வைத்து, குச்சியை ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பல்லுக்குப் பல் பொருத்தினால், நுனி எங்கே நிற்கிறதோ அதுதான் சுவர். புள்ளிகளை வளையும் மெல்லிய சட்டத்தால் சேர்த்தால் வளைவு முழுசாகக் கிடைத்துவிடும். பல் கோணலாக வெட்டியிருப்பதால் குச்சி தப்பான இடத்தில் உட்காரவே உட்காராது. அளவு நாடா வேண்டாம், எண் வேண்டாம். பெரியப்பா அந்தக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் திரும்பி வரவில்லை.

பலகை 9 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர எண் அச்சடித்திருந்தாலும் வாங்கும் முன் விளிம்பைப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளடுக்கில் பொந்து தெரிந்தால் வேண்டாம். தட்டை வளைவுக்கு ஒட்ட அறுக்காமல், சுவருக்கும் அதற்கும் நடுவே 5 மில்லிமீட்டர் விட்டு, அந்த இடுக்கில் ஃபோம் பட்டையை வைத்தேன். ஃபைபர் சுவர் அலையில் லேசாக உள்வாங்கி வெளிவாங்கும். பலகை விளிம்பு நேராக முட்டினால் சுவர் அந்த ஒரு கோட்டில் மட்டும் மடங்கி, நாளடைவில் வெளியே விரிசல் காட்டும். ஃபோமின் மேல், எப்பாக்சியில் (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) சிலிக்கா பொடி கலந்து, கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்துக்குக் கொண்டுவந்து, விரலால் குழிவாக இழுத்து, அது காய்வதற்குள் கண்ணாடி இழை நாடாவை ஒட்டிவிட வேண்டும். படகுச் சுவரில் ஒரு ஸ்குரூ கூட இறங்கவில்லை.

எப்பாக்சி விஷயத்தில் நம் வெயிலோடு ஒத்துப்போக வேண்டும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். டின்னில் 25 டிகிரிக்கு எழுதியிருக்கும் நேரத்தை நம்பி மத்தியானம் கேபினுக்குள் உட்கார்ந்தால் கிண்ணத்திலேயே இறுகிப் புகைய ஆரம்பிக்கும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஆழமான கிண்ணத்தில் வைக்காமல் அகலமான தட்டில் பரப்பி, காலை வேளையில் முடித்தேன். ஈரக் காற்றில் காய்ந்த எப்பாக்சி மேல் மெழுகுத்தனமாக ஒரு படலம் நிற்கும். உப்புத்தாளை எடுக்கும் முன் அதைத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே போய், அடுத்த பூச்சு ஒட்டாது.

தட்டுக்கு முன்னால் இரண்டு அங்குல உயரத்துக்கு நியாத்தோ மரச் சட்டம், நடுவில் ஒரு இடைவெளி விட்டு. அந்த இடைவெளி இல்லாவிட்டால் தூசியைத் துடைத்து வெளியே தள்ள வழியில்லை.

வலை வேலை சுலபமாக முடிந்தது. லுமூட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் பச்சை பாலிஎத்திலீன் வலை துண்டாகக் கிடைத்தது. நைலான் நனைந்தால் இழுபடும். இது தண்ணீரைக் குடிக்காது. படுக்கைக்கு மேலே உள்ள பக்கத்தில் மரக் கட்டைகளை எப்பாக்சியால் ஒட்டி, அவற்றில் கொக்கி போட்டு, வலையைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டேன். பாட்டி வீட்டு உறியும் இதே வேலையைத்தான் செய்தது: அங்கே வீடு ஆடவில்லை, இங்கே படகு ஆடுகிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பழம், காயவேண்டிய துணி எல்லாம் அதில். பெட்டிக்குள் போட்ட உருளைக்கிழங்கு அழுகி நாறுவதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வலை ஆடினாலும் சுவரில் இடிக்காத அளவுக்குத் தள்ளி மாட்ட வேண்டும், இல்லையென்றால் வாழைப்பழம் கன்றிப்போகும்.

சமையல் பக்கத்தில் ஒரு வேடிக்கை. தோசைக்கல் இல்லாமல் படகில் ஏற மாட்டேன் என்பது மனைவியின் நிபந்தனை. தட்டையான சாமான், படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் செங்குத்தாக மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் காம்பஸ் பதித்திருக்கிறது. கொக்கி அடிக்கும் முன் நான் வெளியே நின்று காம்பஸைப் பார்க்க, அவள் உள்ளே கல்லைச் சுவரோரம் கொண்டுவந்தாள்.

"கிட்ட வாம்மா... இன்னும் கிட்ட..."

வட்டு மெல்லத் திரும்பியது. அவள் கல்லை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. வார்ப்பிரும்பு அவ்வளவு பக்கத்தில் இருந்தால் திசை மாறத்தான் செய்யும். ரேடியோ ஸ்பீக்கரின் காந்தமும் அதே வேலையைச் செய்யும். தோசைக்கல் இப்போது எதிர்ப்பக்கம், தரைக்குச் சற்று மேலே, 20 மில்லிமீட்டர் இடுக்கில் செருகி நிற்கிறது. பழைய டவல் சுற்றியிருப்பதால் சத்தம் இல்லை.

டின் சாமான்களுக்கு இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டோம். சாடின் மீன் டின்னின் காகிதத்தை வீட்டிலேயே உரித்து, மூடியில் மார்க்கரால் எழுதிவிடுகிறோம். காகிதம் நனைந்து கழன்றால் அடிப்பள்ளத்துத் தண்ணீர் பம்பை அடைக்கும். அட்டைப் பெட்டி எதுவும் படகில் ஏறாது. அதன் மடிப்பில்தான் கரப்பான் முட்டை வரும். நெத்திலிக் கருவாட்டுக்கும் கேபினுக்குள் இடமில்லை. இதில் எனக்கும் மனைவிக்கும் முழு உடன்பாடு.

வேண்டாம் என்று விட்டவற்றையும் சொல்ல வேண்டும். முன்பக்கத்து வி வடிவப் படுக்கைக்கு மேலே பெரிய அலமாரி அடிக்கலாம் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பார்த்தால் இடம் தாராளம்தான். ஆனால் படகின் மூக்கில் ஏற்கெனவே நங்கூரச் சங்கிலி இருக்கிறது. 8 மில்லிமீட்டர் சங்கிலி ஒரு மீட்டர் கிட்டத்தட்ட 1.4 கிலோ, 30 மீட்டருக்கு நாற்பது கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் அங்கே எடை ஏற்றினால் ஒவ்வொரு அலைக்கும் மூக்கு குத்தும். அங்கே இப்போது போர்வையும் தலையணையும் மட்டும். தண்ணீர்க் கேன், டூல், டின் எல்லாம் நடுவில், கீலுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு கீழே.

பின்பக்கத்து இடுக்கையும் தொடவில்லை. கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வுகள் அங்கே இருக்கின்றன. குழாய் கழன்றால் இருட்டில் தடவியே மூட வேண்டிய இடம். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் அந்த ஓட்டைக்குச் சரியான மரக் கட்டை ஒன்று கயிற்றில் தொங்குகிறது. அவற்றுக்கு முன்னால் ஒரு சட்டிகூட நிற்கக் கூடாது.

வயதுக்கு ஏற்ற மாதிரி கூரை உறை பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்து எடுத்தபோது ஃபோம் தூளாகக் கொட்டியது. முகக்கவசம் போடாமல் யாரும் இந்த வேலைக்குப் போக வேண்டாம். உறை போன இடத்தில் இரண்டு குறுக்குச் சட்டம் ஒட்டி, தூண்டிலையும் வரைபடக் குழாயையும் செருகிவிட்டேன்.

பங்கோர் தீவுக்கும் கரைக்கும் நடுவே நல்ல காற்றில் பாயை இருபக்கமும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். நான் வெளியே சுக்கானைப் பிடிக்க, பெரிய மகள் உள்ளே உட்கார்ந்து எது சத்தம் போடுகிறது என்று காகிதத்தில் எழுதினாள். கரண்டி டப்பா, இடது தட்டில் இரண்டு டின், கூரையில் தூண்டிலின் ரீல். தரைக்கு வந்தது எதுவும் இல்லை. விடிகாலையில் சுமத்ரா புயல்காற்று வந்து அடித்தால் நிலைமை எப்படி என்பது தனிக் கதை. தென்மேற்குப் பருவத்தில் இரவு தங்கினால் படுக்கும் முன் எல்லாக் கயிற்றையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுகிறோம்.

மிச்சம் இருப்பது படிக்கட்டு. மேல் படியைத் தூக்கினால் திறக்கும் பெட்டியாக்கி, டார்ச்சையும் லைஃப் ஜாக்கெட்டையும் அதில் வைக்க நினைக்கிறேன். பெரியப்பா நியாத்தோ பலகை பார்த்து வைத்திருக்கிறார். முழு ஒரு அங்குலத் தடிமன் இல்லாமல் அதில் கால் வைக்க விடமாட்டேன் என்கிறார். 18 மில்லிமீட்டர் போதும், எடை குறையும் என்று நான் சொல்கிறேன். அவருடைய எடையையும் என்னுடைய எடையையும் கணக்கில் சேர்த்தால் அவர் சொல்வதுதான் நடக்கும் போலிருக்கிறது.