மிக்ஸிங் மேஜையிலிருந்து பார்த்தால்

சென்னையில் கல்யாண வீடியோவுக்குக் கேமரா பிடிப்பவர் ஒருவர், எடுத்ததை வெட்டி ஒட்டி மிக்ஸிங் செய்பவர் இன்னொருவர். மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்களில் அதற்கெல்லாம் வழியில்லை. காலையில் கல்யாணத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவனேதான் ராத்திரி வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் இறக்கி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறான். இரண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வருமானம் போதாததால் வந்த ஏற்பாடு இது. ஆனால் சின்ன பட்ஜெட்காரனுக்கு இருக்கும் பெரிய சௌகரியமும் இதுதான் என்பது என் எண்ணம். பகலில் அவசரத்தில் எடுத்ததன் பலனை ராத்திரி நானே அனுபவிக்கிறேன், அடுத்தவன் தலையில் கட்ட முடியாது. அதனால் எந்தச் சாமானை வாங்குவது, எதை விடுவது என்பதைக்கூட மிக்ஸிங் மேஜையில் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

டெல்டாவில் எங்கள் வருமானம் நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும். சம்பா அறுவடை ஆகித் தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். அட்வான்ஸ் வந்துவிடும். மீதி, "கொள்முதல் பணம் ஏறினதும் தந்துடுறேன் தம்பி" என்பதில் நிற்கும். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து குறுவையும் விளைந்துவிட்டால் ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் பெரிய ஆர்டர் வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். இந்தக் கணக்குத் தெரிந்தவர் மாதத் தவணையில் கேமரா வாங்க மாட்டார்.

நான் தொழில் கற்ற அண்ணனிடம் பானாசோனிக் எம்9000 இருந்தது. முழு விஎச்எஸ் கேசட் உள்ளே போகும், தோளில் வைத்துப் பிடிக்கிற கேமரா. கூடவே சன் கன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் வருவான். அப்புறம் மினி டிவி (MiniDV) என்ற சின்னக் கேசட் வந்தது. ஒரு கேசட் 60 நிமிஷம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் அதே 60 நிமிஷம் ஆகும், ஹார்ட் டிஸ்க்கில் 13 ஜிபி இடம் பிடிக்கும். அன்றைய 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் ஆறு கேசட்டை ஏற்றினால் மூச்சு முட்டும். கேசட்டுக்குக் காசு, ஏற்ற நேரம், வைக்க இடம் என்று எல்லாமே கட்டுப்பாடாக இருந்ததால் விரல் தானாக அடங்கியிருந்தது.

இன்று கார்டு. 50 எம்பிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில், எடுத்தால் மணிக்கு 22 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 4கே-யில் 100 எம்பிபிஎஸ் என்றால் 45 ஜிபி. நிறைந்தால் வேறு கார்டு போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியத்தில், பட்டனை அமுக்கிவிட்டு மாப்பிள்ளை அழைப்பு முழுக்க நடந்துகொண்டே எடுக்கிறார்கள். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியவன் யார்? நான் எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டையும் எட்டு, பத்து விநாடி ஆடாமல் பிடிப்பேன். கேமராவைத் திருப்ப வேண்டுமென்றால் முதலில் மூன்று விநாடி நிலை, பிறகு திருப்பல், முடிவில் மறுபடி மூன்று விநாடி நிலை. மிக்ஸிங்கில் வெட்டக் கத்தி வைப்பது அந்த நிலையில்தான். ஓடிக்கொண்டே எடுத்ததில் கத்தி வைக்க இடமே கிடைக்காது.

அடுத்தது கரண்ட். கேமரா வாங்கும்போது யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம், வைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விநாடியில் 50-ல் ஒன்றாக வைத்தால் ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் சரியாக இரண்டு மினுக்கு அடங்கும். படம் அமைதியாக இருக்கும். கடையிலிருந்து வந்தபடியே 30 பிரேமில், 60-ல் ஒன்று ஷட்டரில் விட்டுவிட்டால் மண்டபச் சுவரில் பட்டை பட்டையாக நிழல் ஏறி இறங்கும். மிக்ஸிங்கில் அதை எடுக்க மென்பொருள் உண்டு. அதன் விலையைக் கேட்டால் அந்த ஆர்டரே வேண்டாம் என்றிருக்கும். கேமராவிலேயே ஒரு பட்டனைத் திருப்பி வைப்பதற்குக் காலணா செலவில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும். பந்திப் பக்கம் கிரைண்டரைப் போட்டால் அதன் வேகம் இறங்கும், நிறுத்தினால் ஏறும். அப்போது 50 ஹெர்ட்ஸ் என்பது பேருக்குத்தான், சரியாக வைத்த ஷட்டரிலும் மெல்லிய பட்டை நகர ஆரம்பிக்கும். அந்த மாதிரி நேரத்தில் ஷட்டரை 25-ல் ஒன்றுக்கு இறக்கிவிடுவேன். ஒரு பிரேமுக்குள் நான்கு மினுக்கு விழுவதால் பட்டை மங்கிவிடும். கை அசைவு கொஞ்சம் இழுபடும்தான். மணையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றும் ஓடப்போவதில்லையே.

படத்தை இப்படிச் சமாளித்துக்கொள்ளலாம். சத்தத்தில்தான் எங்கள் தொழிலில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நாலு வீதிக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கப்படும் வாத்தியம் அது. அதைத் தகரக் கூரை மண்டபத்துக்குள், பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, கேமராவில் ஒட்டியிருக்கும் சின்ன மைக்கில் பிடிக்கிறோம். சாஸ்திரிகள் மெதுவாக மந்திரம் சொல்லும்போது கேமரா தானாகவே சத்தத்தின் அளவைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. அவர் கையைத் தூக்கிக் காட்டுகிறார், கெட்டிமேளம். முதல் அரை விநாடி கரகரவென்று உடைந்துபோகும். கேமரா பயந்துபோய் அளவைத் தடாலென்று இறக்கும். மேளம் நின்றதும் பெண்ணின் அம்மா ஏதோ சொல்லி அழுவார், அது கேட்கவே கேட்காது. நாலைந்து விநாடி கழித்துக் காற்றாடிச் சத்தம் மெல்ல மேலே ஏறி வரும். உடைந்த சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக ஒட்ட முடியாது.

அதனால் தானியங்கி அளவை அணைத்துவிடுவேன். மாலை மாற்றும்போது மேளக்காரர்கள் வாசிப்பார்கள் அல்லவா, அதுதான் எனக்கு ஒத்திகை. அந்த வாசிப்புக்கு மீட்டர் மைனஸ் 18 டெசிபெல்லுக்குப் பக்கத்தில் (பூஜ்யத்தைத் தாண்டினால்தான் சத்தம் உடையும்) ஆடும்படி திருகி வைத்துவிட்டால், கெட்டிமேளம் எகிற மேலே இடம் இருக்கும். மந்திரத்துக்குத் தனி ஏற்பாடு. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சட்டை மைக், திரை உடைந்த ஒரு பழைய போன். மைக்கைச் சாஸ்திரிகளின் அங்கவஸ்திரத்தில் குத்தி, போனை இடுப்பு மடிப்பில் செருகிவிடுவேன். போன் ஏரோப்ளேன் மோடில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் யாராவது கூப்பிட்டு ரெக்கார்டிங் நின்றுபோகும். "சித்த சீக்கிரம் மாட்டுப்பா, நாழியாறது" என்பார். மாட்டிய பிறகு அவர் குரலில் ஒரு கம்பீரம் கூடிவிடுவதையும் கவனித்திருக்கிறேன்.

போனில் பதிந்த சத்தத்தைப் படத்தோடு ஒட்டக் கைதட்டிக் காட்ட வேண்டும் என்பார்கள். மணமேடை முன்னால் நின்று கைதட்டினால் அடிதான் விழும். தவில்காரரைப் பிடித்துக்கொள்வேன். இடது கையில் குச்சி, வலது விரல்களில் கூடு. குச்சி தோலில் படும் பிரேம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும், ஒலி வரைபடத்தில் அந்த அடி முள்ளாக எழுந்து நிற்கும். முள்ளையும் பிரேமையும் ஒன்றாக நிறுத்தினால் முடிந்தது. முகூர்த்தத்துக்கு நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இன்னும் இரண்டு இடத்தில் சரிபார்ப்பேன். ஒரு மணி நேரத்தில் போன் கடிகாரமும் கேமரா கடிகாரமும் சில பிரேம் விலகியிருக்கும்.

தேர்த் திருவிழாவில் கணக்கு வேறு. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், கிட்டே நின்றால் கலசம் பிரேமுக்குள் அடங்காது. தூரத்து மொட்டை மாடிதான் கதி. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, ஒரு பிரேம் 40 மில்லி விநாடி. பதினாலு மீட்டருக்கு ஒரு பிரேம் பிந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் தள்ளி நின்றால் ஏழு பிரேம். மாடியிலிருந்து எடுத்ததில் தவில் குச்சி பட்ட பிறகுதான் அடி கேட்கும். ஒலியை ஏழு பிரேம் முன்னால் இழுத்தால் திரையில் உயிர் வரும். வடம் பிடிக்கிறவர்களின் கூச்சல், முட்டுக்கட்டை சக்கரத்தில் இடிபடும் சத்தம் இதையெல்லாம் கீழே ஆளோடு ஆளாக நின்று போனில் பதிந்து வைப்பது நல்லது. மாடி மைக்கில் அதெல்லாம் வெறும் இரைச்சல்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூசணம் பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் போதும். நீல மணிகள் ரோஸ் ஆனால் சட்டியில் லேசாகச் சூடு காட்டித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. தவிட்டுத் தூசி லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம்.

மிக்ஸிங்குக்கு எங்கள் பக்கம் எடியஸ் என்ற மென்பொருள்தான் பெரும்பாலோர் கையில் இருக்கிறது. நான் பழைய ஐ5 கம்ப்யூட்டரில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்கு மாறினேன். வண்ணத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 4கே படத்தை அப்படியே போட்டால் அந்த மெஷின் நகராது. ராத்திரி படுக்கப் போகும்போது சின்ன அளவு நகல்களை, அதாவது பிராக்ஸியை, செய்யச் சொல்லிவிட்டுப் போனால் காலையில் வெண்ணெயாக ஓடும். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது அசல் படமே போய் உட்கார்ந்துகொள்ளும். புது மெஷினுக்கு ஆகும் செலவை இந்த ஒரு பழக்கம் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போடும்.

இப்போதெல்லாம் அத்தை பையன், சித்தப்பா பெண் போனில் எடுத்ததையும், "அண்ணே, இதையும் சேர்த்துடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். போன் பிரேம் வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும், அதை அப்படியே போட்டால் போகப்போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து, 25 பிரேம் நிலையானது என்று மாற்றிக்கொண்டால் தொல்லை இல்லை.

எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில் ஃபேஷனோடு எனக்குச் சண்டை உண்டு. மூன்று நிமிஷ டிரெய்லர் கேட்கிறார்கள், ஸ்லோ மோஷனில் பெண் கூந்தலைத் திருப்ப வேண்டும். சரி, கொடுக்கிறேன். ஆனால் பந்தியை நான் விடுவதே இல்லை. இலை வரிசையாகப் போய், ஒவ்வொரு முகத்திலும் நாலு விநாடி நிற்பேன். "சாப்பிடும்போது என்னப்பா" என்று கூச்சப்படுவார்கள், அப்புறம் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். முழு நீள வீடியோவில் அது அப்படியே இருக்கும். சில வருஷம் கழித்து யாராவது கடைக்கு வந்து, "எங்க பெரியப்பா அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டாரு, அதுலேர்ந்து ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்பது எங்கள் தொழிலில் சாதாரணம். கருமாதிப் பத்திரிகையில் போட அவருக்கு வேறு படமே இருக்காது. அதற்காகவே பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அழிப்பதில்லை.

கடைசி வேலை பென் டிரைவ். எஃப்ஏடி32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, வேறு முறையில் ஃபார்மேட் செய்தால் கிராமத்துப் பழைய டிவி படிக்காது. 8 எம்பிபிஎஸ்ஸில் ஏற்றினால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி. ஆகவே மூன்று மணி நேரக் கல்யாணத்தை மூன்று கோப்பாகப் பிரித்து, கூடுமானால் அவர்கள் வீட்டு டிவியிலேயே போட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் எந்தக் கேமரா என்று கேட்கிறார்கள். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் கேமராவுக்குப் போகக் கூடாது, பழையதே போதும் என்பேன். மீதியில் ஒரு நல்ல டிரைபாட், மைக், இரண்டு ஹார்ட் டிஸ்க். மேலே பறந்து எடுக்கும் ஹெலிகேம் வாங்கட்டுமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம், வாடகைக்கு எடுத்துக்கொள். தைக் கடைசியில் வயலில் அறுத்த தாளும் உளுந்தும்தான் இருக்கும், பச்சை வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே போய் எடுத்து வைத்துக்கொள். அதுவும் அந்தந்த ஊர் வயலாக இருக்கட்டும். வலங்கைமான் வயலைத் திருத்துறைப்பூண்டிக் கல்யாணத்தில் சொருகினால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமா, "இது எங்க மதகு இல்லையே?" என்று எழுந்து நிற்பார்.