விலாசத்தின் கடைசி வரி

2022 நவம்பர் 14, திங்கட்கிழமை. வங்கிக் கிளையைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். தபால் துறையின் ரயில்வே மெயில் சர்வீஸில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். திருச்சியில் நான் வேலை பார்த்த கிளையில்தான் அவருடைய ஓய்வூதியக் கணக்கு இருந்தது. மாதம் ஒருமுறை வந்து பாஸ்புக்கில் வரவு பதிந்துகொண்டு நின்றபடியே கிளம்பிவிடுவார். அன்று நான் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அம்மா, இது நீங்கள் அனுப்பியதில்லையா?"

ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து வந்திருந்தார். மேலே எங்கள் வங்கியின் சின்னம், அதே நீலம், அதே எழுத்து. அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழ் பதிவாகவில்லை, 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே ஒரு பொத்தான். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அந்தச் சான்றைக் கொடுக்கும் மாதம் நவம்பர். எழுதியவனுக்கு அது தெரிந்திருந்தது. ஓய்வூதியத்தை நம்பி வாழும் வீட்டில் அந்த ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவர் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். வந்த பக்கத்தில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்திருக்கிறார். அவற்றை வாங்கிய கையோடு எவனோ ஒருவன் எங்கள் உண்மையான தளத்துக்குள் நுழைந்துவிட்டான். அடுத்து அவருடைய கைபேசிக்கு ஓ.டி.பி. வந்தது. வங்கி அனுப்பிய அந்தக் குறுஞ்செய்தி உண்மையானது. பணம் அனுப்பப் புதிய பயனாளியைச் சேர்ப்பதற்கான எண் இது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே இருந்தது. பதற்றத்தில் அவர் கண்ணுக்கு அந்த ஆறு இலக்கங்கள் மட்டும்தான் பட்டன; அவற்றையும் கொடுத்துவிட்டார். அன்று இரவு 40,000 ரூபாய் போனது. மறுநாள் காலையில் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், போன பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி இன்னொரு எண்ணையும் வாங்கினான். மேலும் 46,000.

"அன்று இரவே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை என்றார். பிறகு மெல்ல, மகனுக்குத் தெரிந்தால் கைபேசியைப் பிடுங்கிக்கொள்வான் என்றார்.

இந்த வெட்கத்தின் விலை எனக்குத் தெரியும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைக் கொடுத்துப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. விடுமுறை நாளிலும் தெரிவிக்க வங்கி வழி வைத்திருக்க வேண்டும்; எங்களிடமும் இருந்தது. வெள்ளி இரவே கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்கியிருப்பார்கள், அந்த 46,000 அவருக்கு மிஞ்சியிருக்கும். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அன்றே அழைத்திருந்தால், பணம் கணக்குக் கணக்காகக் கைமாறுவதற்குள் கொஞ்சமாவது வழியில் மறித்திருக்கலாம். திங்கட்கிழமை காலையில் நானே அவருக்காக அந்த எண்ணை அழைத்துப் புகாரைப் பதிந்தேன். 12,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் சிக்கியது. அதுவும் பல மாதங்கள் கழித்துத்தான் அவர் கைக்கு வந்தது.

எழுந்து போகும்போது அவர் கேட்டதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "போன மாதம் கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லி நீங்கள்தானே அனுப்பினீர்கள்? அதிலும் இப்படி ஒரு பொத்தான் இருந்ததே?" இருந்தது. அதை அழுத்தச் சொன்னது நாங்கள்தான். இல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று எழுதியதும் நாங்கள்தான். ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்றும் படிக்காதவர்கள் என்றும் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வங்கி சொன்னால் உடனே செய்ய வேண்டும் என்று நினைக்கும் ஒழுங்கான மனிதர்கள். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

எழுத்துப்பிழை இருக்கும், 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று பொதுவாக அழைக்கும், அதை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். நானும் அதையே கவுண்டரில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த தாளில் ஒரு பிழைகூட இல்லை. அவருடைய பெயர் தலைப்பெழுத்தோடு சரியாக இருந்தது. அன்றோடு அந்த அறிவுரையை விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து அவர் மறுபடி வந்தபோது, அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு அனுப்பியவரின் முகவரியை இருவரும் படித்தோம். முதலில் எங்கள் வங்கியின் பெயர், ஒரு புள்ளி, 'பென்ஷன்', இன்னொரு புள்ளி, அதற்குப் பின் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல், கடைசியில் டாட் காம். முன்னால் இருப்பதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பணம் கட்டிப் பதிவு செய்து வாங்க வேண்டியது கடைசிச் சொல்லும் டாட் காமும் சேர்ந்த பகுதியைத்தான் என்றேன். இணைப்பில் என்றால் தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்து வரும் முதல் சாய்கோடு வரை போய், அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். பூட்டுச் சின்னம் இருந்தாலும் நம்ப முடியாது, போலித் தளமும் அதை வாங்கிவிடும்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்கள் கடிதத்தை அப்படித்தானே அம்மா படிப்போம்! ஆள் பெயரை யார் பார்ப்பார்கள்? கடைசி வரி. பின்கோடு 620 என்றால் திருச்சி, 613 தஞ்சாவூர், 625 மதுரை. இதில் வீட்டு வாசலில் உங்கள் பெயரை எழுதிவைத்திருக்கிறான், ஊர் வேறு ஊர்."

எத்தனையோ பேருக்கு எப்படியெல்லாமோ விளக்கியிருக்கிறேன், இவ்வளவு சரியாக நான் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்த எல்லோருக்கும் அவர் சொன்னபடிதான் சொல்கிறேன். கூடவே ஒன்று: முகவரி சரியாகவே தெரிந்தாலும் மின்னஞ்சல் காட்டும் வழியில் போகாதீர்கள், வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது அட்டையின் பின்பக்கத்து எண்ணுக்குப் பேசுங்கள். கூகுளில் எண் தேடாதீர்கள், அங்கும் போலி எண்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

வங்கிகளின் தளங்கள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் பெயர் அது. நவம்பரில் அவர் சான்றிதழ் கொடுக்க வந்தபோது அதைச் சொன்னேன்.

"அப்படியானால் இனி எல்லா வங்கிக்கும் ஒரே ஊர்" என்றவர், கைபேசியை எடுத்து அந்த வாரம் வந்திருந்த ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை முகவரியின் வலது ஓரத்தில் வைத்தார்.

"ஊர் தப்பு, அம்மா."