எருசலேமில் தண்ணீர் போன வழியே

எருசலேமுக்கு வரும் நம்மூர் யாத்திரைக் குழுக்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பஸ் நிற்கும், வழிகாட்டி கொடியைத் தூக்கிப் பிடிப்பார், இருபது நிமிடம், ஒரு குரூப் போட்டோ, மறுபடி பஸ். செமினரி வகுப்போடு வந்திருந்த எங்களுக்கு ஒரு நாள் முழுக்க இஷ்டம்போல் சுற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. நானும் கோட்டயத்துக்காரத் தோழன் ஒருவனும் வண்டியே ஏறுவதில்லை என்று தீர்மானித்தோம். இந்த நகரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, அதைப் பின்பற்றி நடப்பது. அவ்வளவுதான் திட்டம். பெரிய பரிசுத்தவான்கள் நின்ற இடம் இதுதான் என்று ஒரே நகரத்தில் இரண்டு மூன்று இடங்களைக் காட்டுவார்கள். ஊற்றை அப்படி இடம் மாற்ற முடியாது.

காலையில் முதலில் போனது பழைய நகரத்தின் யூதர் பகுதிக்கு. அங்கே வீடுகளுக்கு நடுவில், தெருமட்டத்துக்குக் கீழே, ஒரு மதில் கிடக்கிறது. ஏழு மீட்டர் அகலம். நஹ்மன் அவிகாட் என்ற தொல்லியலாளர் 1970களில் தோண்டி எடுத்தது. அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வருகிறான் என்றதும் யூதாவின் ராஜா எசேக்கியா அவசர அவசரமாக எழுப்பியது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கி.மு. 701இல் அந்தப் படை வந்தே விட்டது. மதிலைக் கட்டுவதற்காக வீடுகளை இடித்தீர்கள் என்று ஏசாயா 22ஆம் அதிகாரம் குற்றஞ்சாட்டுகிறது. இங்கே மதில் ஒரு வீட்டின் சுவர் மேலேயே ஏறிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். எசேக்கியாவை நல்ல ராஜா என்றே ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

குப்பைமேட்டு வாசல் வழியாக வெளியே இறங்கினால் தாவீதின் நகரம், அதாவது எருசலேம் முதலில் இருந்த இடம். பழைய நகரத்தின் இன்றைய மதிலுக்கு வெளியே, தெற்கே சரியும் ஒரு ஒடுங்கிய முகடு. சுற்றிலும் சில்வான் என்கிற பாலஸ்தீனக் குடியிருப்பு. பூமிக்கடியில் நடக்கும் அகழாய்வால் தங்கள் வீடுகளில் விரிசல் விழுகிறது என்று அந்த மக்கள் பல வருடங்களாகப் புகார் சொல்லி வருகிறார்கள். டிக்கெட் வாங்கும்போது இதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

படிகள் இறங்கி இறங்கி அடியில் போனால் கீகோன் ஊற்று. சாலொமோனை ராஜாவாக அபிஷேகம் பண்ணியது இந்த ஊற்றண்டையில்தான் (1 இராஜாக்கள் 1). ஊற்று ஊருக்குக் கீழே, பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்தது. முற்றுகை போட்டால் எதிரி குடிப்பான், உள்ளே இருப்பவன் தாகத்தில் சாவான். அதனால்தான் எசேக்கியா காலத்தில் பாறையில் சுரங்கம் குடைந்து தண்ணீரை ஊருக்குள் திருப்பினார்கள். 2 நாளாகமம் 32இல் இந்தச் சங்கதி ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. நடந்து பார்த்தால் முக்கால் மணி நேரம்.

சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். நுழைந்ததும் தொடைவரை குளிர்ந்த தண்ணீர், பிறகு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. சில இடங்களில் குனிய வேண்டும். என் தோழன் ஆறடி, அவன் பாடுதான் திண்டாட்டம். இரு முனைகளுக்கும் நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 320 மீட்டர்தான். ஆனால் பாதை பாம்பு போல வளைந்து வளைந்து போகிறது. ஏன் இப்படி என்பதற்கு இன்னும் வாதம் நடக்கிறது. பாறையில் இருந்த வெடிப்பைப் பின்பற்றினார்கள் என்பது ஒரு கருத்து. மேலிருந்து பாறையைத் தட்டி, அந்தச் சத்தத்தை வைத்துத் திசை காட்டினார்கள் என்பது இன்னொன்று. எங்களுக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் எங்கள் காதண்டையிலேயே கேட்டது. அதனால் இரண்டாவதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இரண்டு குழுக்கள் இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தன. சுவரில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனால் உளித்தடங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஓரிடத்தில் திடீரென்று மறுபக்கம் சாயும். அதற்கு முன்னே பாதை இடமும் வலமும் தடுமாறுகிறது, பாதியில் கைவிட்ட வெட்டுகள் தெரிகின்றன. ஒருவர் சத்தத்தை ஒருவர் கேட்டுத் திசையைத் திருத்தியிருக்கிறார்கள். இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1880இல் ஒரு சிறுவன் தற்செயலாகக் கண்டுபிடித்த கல்வெட்டு அது. தண்ணீர் போய்ச் சேரும் சீலோவாம் குளத்துப் பக்கத்து முனைக்கு அருகே சுவரில் இருந்தது. இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது ஒருவன் தன் தோழனைக் கூப்பிடும் சத்தம் கேட்டதாகவும், கோடரிக்கு எதிர்க் கோடரியாக வெட்டிச் சந்தித்ததாகவும், தண்ணீர் 1200 முழம் ஓடிக் குளத்தில் சேர்ந்ததாகவும் பழைய எபிரெய எழுத்தில் சொல்கிறது. அசலைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஒட்டோமான் ஆட்சிக்காலம் என்பதால் இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இங்கே இருப்பது நகல்.

அந்த நகலுக்கு முன்னால்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். தண்ணீரில் கால் மரத்துப்போனது. கல்வெட்டில் எசேக்கியாவின் பெயர் இல்லை. எந்த ராஜாவின் பெயரும் இல்லை. கடவுள் பெயரும் இல்லை. வேதாகமத்தில் ராஜாதான் எல்லாவற்றையும் செய்கிறார். வெட்டினவனைப் பற்றி மூச்சே இல்லை.

"ராஜா இதுக்குள்ள ஒரு தடவையாவது இறங்கியிருப்பாரா?" என்றான் தோழன்.

"திறப்பு விழாவுக்கு வந்திருப்பார்டா" என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

வெளியே வந்தால் ஒரு சின்னக் குளம். வெகுகாலம் இதைத்தான் இயேசு குருடனைக் கழுவச் சொல்லி அனுப்பிய சீலோவாம் குளம் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். இது பைசாந்தியக் காலத்தது. 2004இல் பக்கத்தில் சாக்கடைக் குழாய் வேலை நடந்தபோது அகலமான கற்படிகள் தட்டுப்பட்டன. ஏலி ஷுக்ரோன், ரோனி ரைக் இருவரும் தோண்டிப் பார்த்ததில் அது இயேசு காலத்துக் குளம் என்று தெரிந்தது. அன்றைய யூதத் தேவாலயத்திலிருந்து இங்கே இறங்கிவரும் படித்தெரு ஒன்றும் இருந்திருக்கிறது, ஏறக்குறைய 600 மீட்டர். யோவான் 9இல் அந்த மனுஷன் எங்கிருந்து புறப்பட்டான் என்று எழுதவில்லை. ஆனால் கண்ணில் சேற்றோடு இந்தச் சரிவில் ஒருவன் இறங்கி வருவதை இங்கே நின்று யோசித்தால், "போய்க் கழுவி" என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போக முடியாது.

அங்கிருந்து கீதரோன் பள்ளத்தாக்கு வழியாக மேலே. மண்டை பிளக்கும் வெயில், துளித் தண்ணீர் இல்லை. அப்சலோம் கல்லறை என்று சொல்லப்படுவது அப்சலோமுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பிந்தியது. பார்க்க அழகு, அவ்வளவே. கெத்செமனேயில் நல்ல கூட்டம். அங்கே இருக்கும் எட்டு ஒலிவ மரங்களில் மூன்றின் அடிமரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. இயேசுவைப் பார்த்த மரங்கள் என்று ஒரு வழிகாட்டி தன் குழுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

சிங்க வாசலில் நுழைந்து, எள்ளு ரொட்டியும் ஃபலாஃபலும் தின்றுவிட்டு, புனித அன்னாள் ஆலய வளாகத்துக்குள் போனோம். பெதஸ்தா குளம் அங்கேதான். ஐந்து மண்டபங்கள் உள்ள குளம் என்று யோவான் 5 சொல்வதை உருவகம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. தோண்டியபோது இரண்டு குளங்களும் நடுவே ஒரு குறுக்குச் சுவரும் வந்தன. நாலு பக்கம் நாலு, நடுவில் ஒன்று. கணக்குச் சரியாக இருக்கிறது. கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம். என்னைக் குளத்தில் கொண்டுபோய்விட ஒருவனும் இல்லை என்று அதே அதிகாரத்தில் வரும் வியாதிக்காரன் சொன்னது வெறும் புலம்பல் இல்லை. நடமாட முடியாதவன் தனியாக இறங்கக்கூடிய இடமில்லை இது.

பக்கத்து ஆலயம் 12ஆம் நூற்றாண்டுச் சிலுவைப் போர்க்காரர்கள் கட்டியது. சலாதீன் காலத்தில் மதரஸாவாகி, 1856இல் ஒட்டோமான் சுல்தான் பிரான்சுக்குக் கொடுத்தது. எதிரொலிக்குப் பேர்போனது. எங்களுக்கு முன்னே வந்திருந்த போலந்துக்காரர்கள் பாடி முடித்ததும் நாங்கள் ஒரு கீர்த்தனை பாடினோம், அவன் மலையாளத்தில், நான் தமிழில். என் சாரீரத்தைக்கூட அந்தக் கட்டடம் மன்னித்துவிட்டது.

போகிறவர்களுக்கு: சுரங்கத்துக்கு நனையக்கூடிய செருப்பும், மாற்று உடுப்பும், டார்ச்சும் வேண்டும். மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்குத் தண்ணீர் இல்லாத பக்கவழி ஒன்று உண்டு. கெத்செமனேயும் அன்னாள் ஆலயமும் மதியம் மூடுவார்கள், அதற்கேற்ப நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெதஸ்தாவிலிருந்து திருக்கல்லறை ஆலயத்துக்கு நடந்தே போகலாம், ஆனால் அன்றைக்கு எங்கள் கால் ஒத்துக்கொள்ளவில்லை.