அனுபவப்பட்டவர் அருகில் இருக்க வேண்டும்

மண்டபத்திற்கும் தங்கச்சிமடத்திற்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களில் மனநல சிகிச்சையைக் கடந்து வந்தவர்கள் சிலர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வலைக்கொட்டகை ஒன்றின் நிழலில் ஒன்றுகூடுகிறோம். அங்கே டாக்டர் இல்லை, ஆலோசகர் இல்லை, வீட்டாரும் இல்லை. எங்களில் ஒருவர் இளவயதில் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கிடந்தவர். ஒருவர் சிகிச்சை என்ற பெயரில், மயக்க மருந்து கொடுக்கப்படாமலேயே தலையில் கரண்ட் வைக்கப்பட்டவர். கடலில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் தம் காதில் கேட்கும் குரல்களோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார். நான் பைபோலார், அதாவது மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் நோய், என்று எழுதப்பட்ட சீட்டோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவள். இந்த நோயின் வழியே நடந்து வந்தவரே இப்போது அதில் தவித்துக்கொண்டிருப்பவரின் அருகில் முதலில் உட்கார வேண்டும் என்பதும், அவருடைய சொல்லுக்கு ஆஸ்பத்திரியிலும் அரசு அலுவலகத்திலும் இடம் இருக்க வேண்டும் என்பதும்தான் நாங்கள் கேட்பது.

கூட்டத்தில் அதிகம் பேசப்படுவது மாத்திரையைப் பற்றித்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நாங்கள் கண்ணீர்க் கதைகளைப் பகிர்ந்துகொள்வதாக எண்ணுகிறார்கள். உண்மையில், உப்புக்காற்றிலும் வெயிலிலும் உழைத்துக்கொண்டே இந்த மாத்திரைகளை எப்படித் தொடர்வது என்பதே எங்களுடைய பெரிய பேச்சு. விசைப்படகுக்குப் போகிறவர் அனுமதி டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரைக்குத் திரும்புவார். இரவு முழுவதும் வலை இழுக்க வேண்டியவரிடம் “இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டுவிட்டுத் தூங்குங்கள்” என்று சொல்லி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? மாத்திரையைப் போட்டுக்கொண்டு தளத்தில் தடுமாறினால் உயிருக்கு ஆபத்து, போடாமல் போனால் நோய் திரும்புகிறது. பெரும்பாலானவர்கள் கடலுக்குப் போகும் நாட்களில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அதை டாக்டரிடம் சொல்வதும் இல்லை. சொன்னால் திட்டு விழும் என்ற பயம்.

சென்ற கோடையில் நடந்த ஒரு பேச்சை இங்கே எழுத வேண்டும். நாட்டுப்படகுக்குப் போகும் ஒரு அண்ணன், தூண்டில் முள்ளில் நரம்பைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் நடுங்கி, முடிச்சு விழாமல் நழுவிக்கொண்டே இருந்தது. “என்னண்ணே, கை முன்னைவிட ரொம்ப நடுங்குதே?” என்று கேட்டேன். “ஆமா தங்கச்சி, ரெண்டு நாளா வாந்தியும் வருது. இடுப்பு வலிக்குக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன், அது ஒத்துக்கலபோல” என்றார். அவர் சாப்பிட்டுவருவது பைபோலாருக்குக் கொடுக்கப்படும் லித்தியம். நானும் அதையே சாப்பிடுவதால் எனக்கு உடனே பதற்றம் வந்துவிட்டது. லித்தியம் ஒரு உப்பு. வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் தேக்கிவைத்துக்கொள்வதால், இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடுகிறது. இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அந்த அளவை ஏற்றக்கூடியவை. நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது எல்லாம் அளவு மீறியதன் அடையாளங்கள். அன்று மாலையே அவரை இராமநாதபுரத்திற்கு அழைத்துச்சென்று இரத்தப் பரிசோதனை செய்ய வைத்தோம். அளவு கூடித்தான் இருந்தது. சரியான நேரத்தில் பார்த்துவிட்டதால் தேறிவிட்டார்.

அந்த அண்ணனுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தவர் தவறானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் 61 நாட்கள் கரையில் நிற்கும்போது, கூலிக்காகச் சிறு வள்ளங்களில் ஏறிப் பகல் முழுவதும் வெயிலில் கிடப்பவர்கள் யார், அவர்கள் குடிதண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவார்கள், இடுப்பு வலிக்கு எந்தக் கடையில் எதை வாங்குவார்கள் என்பதெல்லாம் இந்தக் கரையில் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு வாழ்பவருக்கே தெரியும். பாசி எடுக்கும் அக்கா சொல்லித்தான், மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோர்ப்ரோமசின் சாப்பிடுபவர்களுக்கு வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிப்போகும் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குத் தெரிய வந்தது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இடுப்பளவு நீரில் மணிக்கணக்கில் குனிந்து நிற்கும் அவர்கள், அதுவரை அந்த எரிச்சலைக் கடல்நீரின் மேல் பழிபோட்டுப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். கை விறைப்புக்குக் கொடுக்கப்படும் மாத்திரை வாயை உலர்த்தி வியர்வையைக் குறைக்கும், ஆகவே உச்சிவெயிலில் உடம்பு சூடேறும் என்பதும் இப்படியே பரவிய செய்திதான். யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லி நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. திடீரென்று நிறுத்தியதால் நிலை மோசமானவர்களை எங்களுக்குள்ளேயே பார்த்திருக்கிறோம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்கிறோம், தேவைப்பட்டால் கூடவே போகிறோம்.

இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் மனநோய் பற்றிப் பேசும் எவரும், நோய் தீர வேண்டி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடியைத் தாண்டிப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, நடத்தியவர்களுக்குப் பின்னர் தண்டனையும் கிடைத்தது. இவை நடக்க வேண்டியவை, நடந்தன. ஆனால் அந்தச் சங்கிலியில் இருந்து உயிர்பிழைத்தவர்களிடம், இனி எங்கே வாழ விரும்புகிறீர்கள், யாரோடு வாழ விரும்புகிறீர்கள் என்று யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவே இல்லை. தர்காவுக்கு வருபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் பணம் இல்லாமல், அருகில் ஆஸ்பத்திரி இல்லாமல், ஊராரின் பேச்சுக்கு அஞ்சி, பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்த தாய்மார்கள் அவர்கள். பாதுஷா நாயகத்தின் வாசலில் கிடைக்கும் ஆறுதல் உண்மையான ஆறுதல்தான், எங்கள் கூட்டத்திலேயே அதைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கட்டும் என்று பின்னர் தர்காவின் அருகிலேயே மனநல சிகிச்சை தரும் ஏற்பாடு செய்யப்பட்டது நல்ல காரியம். சங்கிலிக்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

நாங்கள் செய்வது புதிதும் அல்ல, எங்கிருந்தோ இறக்குமதியானதும் அல்ல. ஆனாலும் உலகில் எங்களுக்கு முன்னே நடந்தவர்களைத் தெரிந்துகொள்வது பலம் தருகிறது. இங்கிலாந்தில் பிரதமராக இருந்து சுட்டுக்கொல்லப்பட்ட ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவல், தாம் அடைபட்டிருந்த மனநோயாளர் விடுதிகளிலிருந்து வெளியே வந்த பின், தம்மைப் போன்றவர்களுக்காக 1845-இல் ஒரு சங்கத்தையே உருவாக்கினார். அமெரிக்காவில் 1966-இல் விருப்பத்திற்கு மாறாக அடைத்துவைக்கப்பட்ட ஜூடி சேம்பர்லின், பின்னாளில் பாஸ்டனில் நோயாளிகளே நடத்திய விடுதலை இயக்கத்தில் இணைந்து, நோயாளிகள் தாங்களாகவே நடத்தும் உதவி அமைப்புகள் வேண்டும் என்று 2010-இல் இறக்கும்வரை வாதாடினார். நெதர்லாந்தில் பாட்ஸி ஹாகே என்ற பெண்மணி, தாம் கேட்கும் குரல்களை நோயின் அறிகுறி என்று மட்டும் ஒதுக்காமல் அவை என்ன சொல்கின்றன என்று கேட்கும்படி தம் மருத்துவர் மாரியஸ் ரோமிடம் வற்புறுத்தியதிலிருந்து, 1987 வாக்கில் குரல் கேட்போரின் இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் பார்கவி தாவர் புனேயில் பாபு அறக்கட்டளையைத் தொடங்கி, மனநலக் குறைபாடு உள்ளவர்களின் உரிமைக்காக ஆசியா முழுவதும் குரல் கொடுத்தார். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நைரோபியில் நோயை அனுபவித்தவர்களே நடத்தும் ஆதரவுக் குழுவும், சென்னையில் பேன்யன் அமைப்பு நீண்டகாலம் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வீடெடுத்துக் குடியமர்த்தும் திட்டமும் முன்மாதிரிகளாக இடம்பெற்றன.

பாசி எடுக்கும் அக்காவிடம் பாட்ஸி ஹாகேயைப் பற்றிச் சொன்னபோது, “அந்தப் பொம்பளைக்கும் திட்டுற குரல்தான் வருமா, இல்ல நல்லதும் சொல்லுமா?” என்று கேட்டார். அதுவரை அவரிடம் குரல் குறைந்ததா, நின்றதா என்றே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அன்றுதான், தமக்குக் கேட்கும் குரல்களில் ஒன்று இறந்துபோன மாமியாருடையது என்றும், வேலை நேரத்தில் அது வந்தால் “சாயங்காலம் பேசுறேன் அத்தை, இப்பப் போங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவதாகவும், சொன்னால் அடங்கிவிடுவதாகவும் விவரித்தார்.

சட்டம் எங்கள் பக்கம் நிற்கிறது என்பதை இந்தக் கரையில் பலர் அறியவில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எந்த வகையிலும் சங்கிலியிடுவதையும், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கரண்ட் வைப்பதையும் தடைசெய்கிறது. 20-ஆம் பிரிவின்படி கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடையை உடுத்திக்கொள்ளலாம், ஊதியமில்லாமல் வேலை வாங்கக் கூடாது, பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்திற்கு வேண்டியவற்றைக் கொடுக்க வேண்டும். எனக்கு இவற்றில் சில மறுக்கப்பட்டிருக்கின்றன, அதனால்தான் இந்தப் பிரிவு என் மனத்தில் மனப்பாடமாக நிற்கிறது.

ஆனால் எங்கள் கூட்டத்தில் மிகவும் பயன்பட்டது 5-ஆம் பிரிவு. மனம் தெளிவாக இருக்கும்போதே, பிற்காலத்தில் நோய் முற்றினால் எப்படிக் கவனிக்க வேண்டும், எப்படிக் கவனிக்கக் கூடாது என்று வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் 14-ஆம் பிரிவு இடமளிக்கிறது, அவர் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவசர சிகிச்சைக்கு அந்த எழுத்து பொருந்தாது என்பதையும், மருத்துவரோ உறவினரோ மாற்றம் கேட்டு, முறையீடுகளைத் தீர்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். சங்கிலியில் இருந்தவர் எழுதியதை அவர் சம்மதத்தோடு இங்கே சொல்கிறேன்: என் கணுக்காலை யாரும் பிடிக்கக் கூடாது, ஊசி போடுவதானால் எந்த மருந்து என்று முதலில் சொல்லுங்கள், கதவை வெளியில் பூட்டாதீர்கள், வாசலில் யாராவது உட்காருங்கள், என் தங்கை மகனைக் கூப்பிடுங்கள், அண்ணனைக் கூப்பிடாதீர்கள். இதை எழுத அவருக்குப் பல ஞாயிறுகள் பிடித்தன. கணுக்காலைப் பற்றிய வரியை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், அன்றைக்கு அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை.

எல்லாம் எங்களால் முடியும் என்று நான் சொல்லவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவர் இரவில் அழைக்கும்போது, நாங்கள் யாராவது அவர் வீட்டுக்குப் போய் விடியும்வரை கூட இருக்கிறோம், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் 14416 என்ற எண்ணுக்கும் பேச வைக்கிறோம், தேவையென்றால் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறோம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 115-ஆம் பிரிவு சொல்வதைக் குடும்பத்தாருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. போலீஸ் பயத்தால் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் மறைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. இப்படி விழித்திருப்பது எங்கள் உடம்பையும் தாக்குகிறது, தூக்கம் கெட்டால் எனக்கே நோய் திரும்பக்கூடும், ஆகவே ஒருவரே தொடர்ந்து இரவு இருக்கக் கூடாது என்று முறை வைத்திருக்கிறோம். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறைக்குப் போகும் மீனவர்களுக்கு மாத்திரை நின்றுபோகும் என்ற அச்சமும் உண்டு. அதற்காக மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய சிறு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

நோயாளியின் முறையீட்டைக் கேட்டுத் தீர்ப்பதற்கான மனநல மறுஆய்வு வாரியத்தில், மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைவராகவும், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதியும் மருத்துவர்களும் உறுப்பினர்களாகவும் இருப்பதோடு, மனநோயை அனுபவித்தவர்களோ அவர்களைப் பராமரிப்பவர்களோ அவர்களுக்கான அமைப்பினரோ என இருவருக்கு இடம் வைத்திருக்கிறது 74-ஆம் பிரிவு. அந்த இரு இடங்களில் ஒன்றிலாவது நோயை உடம்பில் அனுபவித்தவரே அமர வேண்டும் என்று எழுதி, கைநாட்டு வைப்பவர்கள் கைநாட்டும் கையெழுத்துப் போடுபவர்கள் கையெழுத்துமாக ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாதாந்திர மாத்திரை கிடைக்க வேண்டும், லித்தியம் சாப்பிடுபவர்களுக்குத் தடைக்காலத்தின் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும், படகுக்குப் போகும் நாட்களுக்கு ஏற்ப மாத்திரை நேரத்தை மாற்றித் தர மருத்துவர் எங்களோடு பேச வேண்டும் என்பவையும் அதில் உள்ளன. திங்கட்கிழமை குறைதீர் நாளில் அதைக் கொடுக்க இராமநாதபுரம் போகிறோம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் எங்களைப் போன்றவர்கள் இருந்தால், ஆட்சியர் அலுவலக வாசலில் காலை பத்து மணிக்கு எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை, சீட்டுக் காட்ட வேண்டியதும் இல்லை.